ஊவா நாட்டில் மூன்று நாள்

இலங்கைப் படத்தை விரித்து வைத்து, யாழ்ப்பாணத்திலிருந்து விரலை ஓட்டிக்கொண்டு வரும் நம்மவர் அநுராதபுரத்தில் ஒரு கணம் நிற்பர், கண்டியில் நிற்பர், குளிருக்காக நுவரெலியாவில் நிற்பர், பின்பு கொழும்புக்கு இறங்கிவிடுவர். நுவரெலியாவுக்குக் கிழக்கே மலை மடிந்து மடிந்து சென்று, ஓரிடத்தில் திடீரென அறுந்து, காடும் சமவெளியுமாய்த் தென்கீழ்த் திசையிற் பரந்து கிடக்கும் பெருநிலத்தின்மேல் அவ்விரல் படுவதேயில்லை. பதுளை, மொனராகலை என்னும் இரண்டு மாவட்டங்களைக் கொண்ட அந்நிலமே ஊவா மாகாணம். மத்திய மாகாணத்தினின்றும் பிரிக்கப்பட்டு 1886ஆம் ஆண்டில் அது தனி மாகாணமாயிற்று.

இதிலொரு வேடிக்கையுண்டு. ஆண்டுதோறும் நம்மவர் ஆயிரக்கணக்கில் ஊவாவுக்குப் போகின்றனர். போவது ஊவாவுக்கு என்ற நினைவின்றியே போய் மீள்கின்றனர். கதிர்காமம் மொனராகலை மாவட்டத்தைச் சேர்ந்தது. செல்வச்சந்நிதியிலிருந்து புறப்பட்டு, முல்லைத்தீவு, மட்டக்களப்பு வழியாகக் கால்நடையாய்ச் சென்று, உகந்தையில் இளைப்பாறி, குமனைக் காட்டைக் கடந்து மாணிக்க கங்கையில் மூழ்கியெழும் அடியாருக்கு, தாம் எந்த மாகாணத்தினுள் நுழைந்தோம் என்ற ஆராய்ச்சி வேண்டியதில்லைதான். அருணகிரிநாதர் பாடிய தலம் என்பதொன்றே அவர்க்குப் போதும்.

யூபிலி மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று குழுவினர் கேட்டபோது, ஆசான்மாரைப் பற்றியும் பழைய விளையாட்டுப் போட்டிகளைப் பற்றியும் எழுதுதற்குப் பலர் இருப்பர் என எண்ணி, 2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் பழைய மாணவர் மூவர் ஊவா நாட்டிற் செய்த மோட்டார்ப் பிரயாணத்தை எழுதத் துணிந்தேன். மூவருள் ஒருவர் இளைப்பாறிய பொறியியலாளர். மற்றவரை அறுபதுகளில் விடுதியில் இருந்த அனைவரும் அறிவர். பெற்றோர் இட்ட பெயர் இடாப்பில் மாத்திரம் இருந்தது. விடுதியில் அவர் பெயர் 'ஊவா'. பசறைக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் அவர் பாட்டனார் கங்காணி. தந்தையார் தேயிலைச்சாலையில் உத்தியோகம் பார்த்தவர். தவணை முடிந்ததும் நாங்கள் சைக்கிளை மிதித்து மாலைத் தேநீருக்கு வீடு சேர்ந்துவிடுவோம். அவரோ தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு யாழ்ப்பாணத்தில் வண்டியேறி, பொல்காவலைச் சந்தியில் மாறி, மலையேறும் புகைவண்டியிற் குந்தியிருந்து மறுநாள் பதுளை சேருவார். திரும்பி வரும்போது பெட்டியில் தேயிலைப் பொட்டலமும் பேரிக்காயும் இருக்கும். இரண்டும் அன்றிரவே தீர்ந்துவிடும். "எழுபது வயது கடந்த பின்னராவது என் நாட்டை வந்து பாருங்களடா" என்று அவர் அழைத்தபோது மறுப்பதற்கு எங்களிடம் காரணம் எதுவும் இருக்கவில்லை.

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாகச் செல்லும் பாதையிலே போனோம். பலாங்கொடையைக் கடந்ததும் பாதை மலையின் தென்முகத்தைப் பற்றிக்கொண்டு ஏறுகின்றது. ஹல்துமுல்லைக்கு முன்னால் இடப்புறம் பிரிந்து சென்றால் பம்பரகந்தை நீர்வீழ்ச்சி. 263 மீற்றர் உயரம். இலங்கையில் அதனின் உயர்ந்ததொன்றில்லை. ஆயினும் நாம் கண்டது பாறையில் ஒட்டிய ஒரு வெள்ளை நூல். "தண்ணீர் பார்க்க வேண்டுமானால் மார்கழியில் வரவேண்டும், தேயிலை குடிக்க வேண்டுமானால் ஆடி ஆவணியில் வரவேண்டும். நீங்கள் குடிக்க வந்திருக்கிறீர்கள்" என்றார் ஊவா.

அவர் கூற்றிற் பொருளுண்டு. தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குப் புறத்தில் மழையை எல்லாம் கொட்டிவிட்டு, ஈரமற்ற வெறுங்காற்றாய்க் கிழக்குச் சரிவில் இறங்குகின்றது. மட்டக்களப்பார் கச்சான் என்று வழங்கும் காற்று அதுவே. ஜூலை முதல் செப்டெம்பர் வரை அக்காற்று வீசும்போது தேயிலைக் கொழுந்து வாடி, வளர்ச்சி மந்தித்து, அந்த வருத்தத்தினாலேயே தனக்கொரு மணத்தைச் சேர்த்துக்கொள்கின்றது. ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையிற் பெயர் பெற்றுக் கொடுத்தவை அந்த இரண்டு மூன்று மாதங்களே. அப்புத்தளைக் கடையொன்றில் பாலின்றிக் குடித்த தேத்தண்ணீரில் அதை உணர்ந்தோம். தொண்டையில் ஏதோ குளிர்ந்த இலையை வைத்தாற்போன்ற ஓர் உறைப்பு.

அப்புத்தளை மலையின் ஒடுங்கிய முகட்டிலே அமைந்த ஊர். கடைத்தெருவில் நின்று தெற்கே நோக்கினால் நிலம் காலடியில் அற்றுவிடுகின்றது. வானம் தெளிந்த நாளில் அம்பாந்தோட்டைப் பக்கத்துக் கடல் தெரியும். வடக்கே திரும்பினால் ஊவாப் பள்ளத்தாக்கு அடுக்கடுக்காய்க் கிடக்கும். அங்கிருந்து தம்பேதென்னைக்குச் சென்று, 1890ஆம் ஆண்டில் தோமஸ் லிப்டன் கட்டுவித்த தேயிலைச்சாலையைக் கண்டோம். கிளாஸ்கோ நகரத்தில் மளிகைக்கடை வைத்துப் பொருளீட்டிய அவர், கோப்பி நோயால் அழிந்து தோட்டங்கள் மலிந்துகிடந்த காலத்தில் இங்கு வந்து வாங்கினார். மேலே மலையுச்சியில் அவர் அமர்ந்து பார்த்ததாகச் சொல்லப்படும் இடத்தை லிப்டன் ஆசனம் என்பர். இப்போது அங்கே அவர் சிலை ஒன்று அமர்ந்திருக்கின்றது. பக்கத்தில் இருந்து படம் எடுத்துக்கொள்ள இளைஞர் வரிசையாய் நின்றனர். பொறியியலாளரும் நின்றார்.

பண்டாரவளையில் நில்லாமல் அன்றிரவு பதுளை சேர்ந்தோம். பதுளை அழகிய பட்டினம். ஆற்றின் வளைவுக்குள் அடங்கி, நமுனுகுலை மலை மேலே காவல் நிற்க அமைந்தது. முதியங்கனை விகாரை, கதிர்காமத் தேவாலயம் இரண்டும் பார்க்கத் தக்கன. என்னை நெடுநேரம் நிறுத்தியது புனித மாற்கு தேவாலயம். தோமஸ் ரொஜர்ஸ் என்ற மேஜரின் ஞாபகமாக அது எழுப்பப்பட்டது. ஊவாவில் பாதைகள் வெட்டுவித்த அதிகாரி அவர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று பெயர் பெற்றவர். 1845ஆம் ஆண்டில் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். அவர் வெட்டுவித்த பாதைகளைத் தம் கையால் வெட்டியவர் யாவர் என்று எந்தச் சுவரிலும் எழுதியிருக்கவில்லை. யானைகளுக்கும் கல் இல்லை.

பதுளையின் பழங்கதை இன்னொன்றும் உண்டு. 1817, 1818ஆம் ஆண்டுகளில் ஆங்கிலேயருக்கு எதிராக ஊவாவிலும் வெல்லஸ்ஸையிலும் மூண்ட கிளர்ச்சி கண்டி நாட்டையே உலுக்கியது. அடக்கச் சென்ற கெப்பட்டிபொல திசாவையே கிளர்ச்சிக்காரருடன் சேர்ந்து தலைமை தாங்கி, 1818 நவம்பரில் கண்டியில் சிரச்சேதம் செய்யப்பட்டார். வெல்லஸ்ஸை என்பதற்கு இலட்சம் வயல் என்பது பொருள். கிளர்ச்சியை ஒடுக்கிய சேனை ஊர்களை எரித்து, விளைவையும் கால்நடையையும் அழித்துச் சென்றது. மொனராகலைப் பக்கம் இன்றும் வறிய நாடாய் இருப்பதற்குக் காரணம் தேடுவோர் அங்கிருந்து தொடங்குதல் நன்று.

மறுநாட் காலை பசறை. ஊவா பிறந்த தோட்டத்துக்குப் போனோம். அவர் தந்தையார் இருந்த வீடு இடிந்துவிட்டது. அதற்குக் கீழே இருந்த லயம் இடியவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்கள், ஒரே கூரையின்கீழ், முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை வரிசை. கோப்பிக் காலத்தில் ஆண்டு தோறும் வந்து திரும்பிப்போன கூலியாட்களுக்கென்று எழுப்பிய தங்குமிடத்தின் மாதிரியிலேயே, குடியிருந்து தலைமுறை பெருக்கிய மக்களுக்கும் கட்டிக்கொடுத்தனர். மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டு நிறைவெய்தியதென 2023ஆம் ஆண்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் சென்றனரே, அந்த இருநூறு ஆண்டின் பெரும்பகுதி இக்காம்பராக்களிலேதான் கழிந்தது.

லயத்தின் கோடிக் காம்பராவைக் காட்டி, "இதிலேதான் சின்னையா இருந்தார்" என்றார் ஊவா. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றவராகி, 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு எனத் தீர்க்கப்பட்ட 5,25,000 பேருள் அந்தச் சின்னையாவும் ஒருவர். பதுளையில் வண்டியேறித் தலைமன்னார் சென்று, கப்பல் ஏறி, ஈற்றில் நீலகிரியில் மறுபடியும் தேயிலைக் கொழுந்தே பறித்தார். தாயகம் திரும்புவோர் என்று அதற்குப் பெயர் வைத்தனர். அவரோ பிறந்தது பசறையில். எஞ்சியிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் அவ்விடயம் முற்றாகத் தீர்ந்தது. 1948இல் நம் தலைவர்களுள் எதிர்த்தவர்களும் உளர். அரசாங்கத்தோடு சேர்ந்தவர்களும் உளர். அதனாலேயே பின்னர் கட்சி பிளந்தது. இவையெல்லாம் மாணவர் படிக்கும் சரித்திரப் புத்தகத்தில் இரண்டு வரியாக வரும். காம்பரா வாயிலில் நின்று கேட்டால் இரண்டு வரியில் அடங்குவதில்லை.

மாலையில் துன்ஹிந்தைக்கு நடந்தோம். அருவியின் கீழே நீர்த்துகள் புகையாய் எழுந்து முகத்தை நனைத்தது. கச்சான் காலத்திலும் அது வற்றுவதில்லை போலும். பின்பு தெமோதரை. பொறியியலாளர் இதற்காகவே வந்தவர். பாதை ஏறவேண்டிய உயரத்தை நேராக ஏற இயலாமையால், தண்டவாளம் ஒரு முழு வட்டம் சுற்றி, நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தினூடு நுழைந்து செல்கின்றது. கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டியதைக் கண்டே இந்த யோசனை தோன்றியது என்று ஒரு கதை வழங்குகின்றது. பொறியியலாளர் இதைப் புனைகதை என்றார். ஊவா, "தலைப்பாகை கட்டத் தெரிந்தவன் சொல்லியிருப்பான்; கட்டத் தெரியாதவன் பெயர் எடுத்திருப்பான்" என்றார். இருவரும் எல்ல வரைக்கும் இதையே வாதித்தனர். எல்லக்கும் தெமோதரைக்கும் இடையில் உள்ள ஒன்பது வளைவுப் பாலத்தில் வெளிநாட்டார் கூட்டம் நெருக்கியது. ஏறக்குறைய 300 அடி நீளமும் 80 அடி உயரமும் கொண்டு, உருக்கு இல்லாமல் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டே கட்டியது. புகைவண்டி 1924இல் பதுளையை அடைந்தது இதன்மேல் ஏறித்தான். எல்ல இன்று உல்லாசப் பிரயாணிகளின் ஊர். அதைப்பற்றி நான் எழுத வேண்டியதில்லை. எழுதுவோர் நிறைய உண்டு.

மூன்றாம் நாள் மலையினின்றும் இறங்கினோம். இராவணன் பெயர் கொண்ட அருவியைக் கண்டு, வெல்லவாயவைத் தாண்டிப் புதுருவகலை சேர்ந்தோம். ஒரே பாறையில் ஏழு உருவங்கள். நடுவில் நிற்கும் புத்தர் 51 அடி உயரம். பக்கத்தில் இருப்பவர் அவலோகிதேசுவரர். மகாயான பௌத்தம் இந்நாட்டில் வழங்கிய காலத்துச் சிற்பம். வீரசோழியம் படித்தவர்கள் அகத்தியர் தமிழ் கேட்டது அவலோகிதரிடம் என்று புத்தமித்திரர் கூறியதை நினைவுகூர்வர். நம் விடுதியில் தமிழ் இலக்கணத்துக்கு அஞ்சிய மூவர், அந்த இலக்கணத்தின் மூலகுருவை வெல்லவாயக் காட்டில் வெயிலில் நின்று தரிசித்தோம்.

அங்கிருந்து மேற்கே திரும்பி மீண்டும் மலையேறும்போது தியலுமை. 220 மீற்றர், உயரத்தில் இரண்டாவது. பூனாகலை ஓயா என்னும் ஆறே மலை விளிம்பில் அவ்வாறு விழுகின்றது. "இந்தத் தண்ணீர் வருகிற திசைக்குத்தான் போகப்போகிறோம்" என்றார் ஊவா. அதன்பின் கொஸ்லந்தை வரை அவர் பேசவில்லை.

கொஸ்லந்தைக்கு மேலே மீரியபெத்த. அம்பிட்டிகந்தைத் தோட்டத்தின் ஒரு பிரிவு. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி, தீபாவளி கழிந்து ஒரு வாரம், கந்தசஷ்டி நாட்கள். பல நாள் மழைக்குப் பின் காலை ஏழரை மணியளவில் மேலிருந்த மலைச்சரிவு பெயர்ந்து இறங்கியது. லயங்களையும் கோயிலையும் பால் சேகரிக்கும் நிலையத்தையும் மூடிக்கொண்டு மண் நெடுந்தூரம் ஓடியது. பள்ளிக்குப் புறப்பட்டுவிட்ட பிள்ளைகள் தப்பினர். மாலையில் அவர்கள் திரும்புவதற்கு வீடு இருக்கவில்லை, சிலருக்குப் பெற்றோரும் இருக்கவில்லை. இது எதிர்பாராத இடியன்று. அவ்விடம் குடியிருப்புக்கு ஏற்றதன்று என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டிலும் அதற்குப் பின்னரும் எச்சரித்திருந்தது. பழைய மண்சரிவுகள் கொண்டுவந்து குவித்த தளர்ந்த மண்ணின்மேல் லயம். வடிகால் அடைபட்டால் மழைநீர் உள்ளே இறங்கி அடிப்பாறையில் வழுக்கும். முதலில் வெடிப்பு, பிறகு கலங்கிய ஊற்று, பிறகு மலை. பொறியியலாளர் கைத்தடியால் மண்ணிற் கோடு கீறி இதை விளக்கினார். வெளியேறும்படி சொல்வது எளிது. வேலையும் கூரையும் ஒரே கையிலிருந்து வரும் மக்கள் எங்கே வெளியேறுவர் என்று ஊவா கேட்டார். அதற்குக் கைத்தடியால் கீற ஒன்றும் இருக்கவில்லை.

சரிந்த இடத்தில் மானாப் புல் ஆளுயரம் வளர்ந்திருந்தது. தெரியாதவர்க்கு அது தேயிலைகளுக்கு நடுவே விட்ட வெறும் புல்நிலம். உடல்களுட் பல எடுக்கப்படவேயில்லை. இறந்தோர் எத்தனை பேர் என்பதில் முதல் நாட்களிற் சொன்ன எண்ணும் பின்னர் சொன்ன எண்ணும் பெரிதும் வேறுபட்டன; நூற்றுக்கணக்கில் தொடங்கிய பேச்சு, வாரங்கள் செல்லச் செல்லக் குறுகியது. பிழைத்தவர்கள் முதலில் கொஸ்லந்தையிலும் பூனாகலையிலும் தமிழ்ப் பாடசாலைகளில் தங்கினர். பின்பு மாக்கல்தெனியத் தேயிலைச்சாலையில் இரண்டு ஆண்டளவு கழித்தனர். 2016ஆம் ஆண்டில் 75 வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன. நான் இதை எழுதுவதற்குச் சிறிது முன்னே, 2025 நவம்பர் இறுதியில், தித்வா புயலோடு வந்த மழையில் பதுளை மாவட்டத்து மலைகள் பலவிடங்களில் மறுபடியும் சரிந்து உயிர்களைக் கொண்டுபோயின. மலைச்சரிவில் லயங்கள் இன்னும் இருக்கின்றன.

புதிய வீடுகளுள் ஒன்றின் திண்ணையில் முதியவள் ஒருத்தி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "வாங்க ஐயா, எங்கேயிருந்து வாறீங்க?" என்றாள். "பசறைதான் அக்கா நமக்கு. இவங்க ரெண்டு பேரும் யாழ்ப்பாணம்" என்றார் ஊவா. "பசறையா! எங்க அண்ணனைப் பசறையிலதான் குடுத்து எடுத்தோம்" என்று சொல்லி எழுந்து, சாயத் தண்ணீர் வைத்தாள். ஐயா தம்பியாயிற்று. பசறையில் எந்தக் கணக்கு, மேற்கணக்கா கீழ்க்கணக்கா என்ற விசாரணை சிறிது நேரம் நடந்தது. எனக்கு விளங்காத பல உறவுகள் அதிற் கண்டுபிடிக்கப்பட்டன.

பொறியியலாளர், எண்களிற் பழகியவராதலின், மெல்லக் கேட்டார்: "அம்மா, அன்றைக்கு எத்தனை பேர்?"

"அது தெரியாதுங்க ஐயா. பேப்பர்ல ஒண்ணு சொன்னாங்க, ஆபீசில ஒண்ணு சொன்னாங்க. எனக்கு எண்ணத் தெரியாது. காம்பரா காம்பராவாச் சொல்லத் தெரியும்."

சுளகை இறக்கி வைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினாள். முதற் காம்பராவில் யார், அவர் மனைவி யார், மூத்த பிள்ளை எங்கே படித்தது, அன்று காய்ச்சல் என்று பள்ளிக்குப் போகாமல் நின்றது எது. இரண்டாம் காம்பராவில் யார். பெரட்டுக் களத்திற் பெயர் கூப்பிடும் ஒழுங்கில், தட்டுத் தடங்கலின்றி, அழாமல் சொன்னாள். தன் வீட்டாரின் முறை வந்தபோதும் குரல் அதேபடிதான் இருந்தது. கை மாத்திரம் சுளகின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தது. ஊவா சட்டைப் பையிலிருந்து பிரயாணச் செலவு எழுதும் சிறு கொப்பியை எடுத்தார். பெற்றோல், துன்ஹிந்தை நுழைவுச் சீட்டு, எல்லவில் இராச் சாப்பாடு என்று எழுதியிருந்த பக்கத்தைப் புரட்டி, அடுத்த பக்கத்தில் பெயர்களை எழுதினார். அவர் கை நடுங்கியபோது பொறியியலாளர் வாங்கி எழுதினார்; பிறகு நான் எழுதினேன். எழுத்துப் பிழை வரும்போது அவள் நிறுத்தி, மறுபடியும் சொன்னாள்.

மேற்கே முகில் கூடியது. இருட்டுமுன் பெரகலை ஏற்றத்தைத் தாண்டிவிட வேண்டும் என்று சாரதி இரண்டு முறை வந்து நினைவூட்டினான். இன்னும் ஒரு லயம் இருக்கிறது என்று அவனிடம் சொன்னோம். அவனும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் திண்ணையில் எங்களோடு உட்கார்ந்தான்.